மூன்றாம் கிரேன் யுன்ஷியா

வுஹானில், யாங்சி ஆற்றங்கரையில் நாங்கள் கோபுரம் கட்டிய காலத்தில், பெங் யுன்ஷியாவை முகம் தெரிந்தவர்களைவிடக் குரல் தெரிந்தவர்கள்தான் அதிகம். மூன்றாம் கிரேன் அவளுடையது. காலையில் என் லிஃப்டில் ஏறி, உச்சி மாடியில் இறங்கி, ஏணி பிடித்துக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாளானால் சாயங்காலம்தான் தரைக்கு வருவாள். அதுவரை வாக்கி-டாக்கியில் அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் அத்தனை பேரும் வேலை செய்வோம்.

"யாருய்யா இந்தக் கம்பியைக் கட்டினது? ஆட்டுக்குட்டியைக்கூட இதைவிட ஒழுங்கா கட்டுவாங்க! அவிழ்த்துத் திரும்பக் கட்டு!"

நான் கட்டடத்தின் வெளிச்சுவரோடு ஏறி இறங்கும் ஆள் லிஃப்டை ஓட்டியவள். எல்லோருக்கும் லிஃப்ட் அக்கா. யுன்ஷியா என் அறைத்தோழி. வாய்தான் அப்படியே தவிர, எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து முறைப்பாள்.

அந்த உயரத்திலிருந்து கொக்கியில் என்ன தொங்குகிறது, எங்கே போகிறது என்பது கூண்டில் இருப்பவளுக்குப் பல நேரம் தெரியாது. கீழே நின்று வாக்கி-டாக்கியில் சொல்லும் சைகைக்காரர்தான் அவளுக்குக் கண். அந்த வேலைக்கு வந்தவர்கள் அவளுடைய வாய்க்குப் பயந்து ஒருவர் பின் ஒருவராக மாற்றல் கேட்டுப் போனார்கள். அப்படிக் காலியான இடத்துக்குத்தான் ஷு பாவ்லின் வந்தார்.

"பெங் மாஸ்டர், கொஞ்சம் மெதுவா. இன்னும் கொஞ்சம். போதும். நல்லா வெச்சீங்க."

அவளிடம் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

"யோவ், இதென்ன பள்ளிக்கூடமா? மார்க் போடறியா?"

"போடச் சொன்னா நூத்துக்கு நூறு போடுவேன்."

எங்கேயோ ஒரு மாடியில் வெல்டர்கள் சிரித்தது லிஃப்டுவரை கேட்டது.

அவர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் வேறு என்பதால் இருவரும் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளவே இல்லை. "அந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும் அக்கா?" என்று அவள் கேட்பாள். "பெங் மாஸ்டர் ரொம்பப் பெரியவங்களோ?" என்று அவர் கேட்பார். நான் இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பொழுது போக வேண்டாமா?

ஒரு நாள் பலத்த காற்று. கிரேன்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். லிஃப்டில் நெருக்கியடித்துக் கூட்டம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, காலை மிதிச்சிடப் போறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யுன்ஷியா சட்டென்று திரும்பினாள்.

"ஐயோ, நீயா? வழுக்கையா?"

சிரிப்பில் லிஃப்டே குலுங்கியது. பாவ்லின் மட்டும் அசரவில்லை. "குரலுக்கு எதுக்கு முடி, பெங் மாஸ்டர்?" என்றார்.

மறுநாளிலிருந்து காலையில் வாசல் கடையில் எள் விழுது பிசைந்த சூடான நூடுல்ஸை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் மனைவியை இழந்தவர். அவள் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டு வந்தவள்.

எங்கள் கோபுரத்தை நாட்டிலேயே உயரமானதாகக் கட்டப்போவதாக வாசலில் பெரிய பதாகை தொங்கியது. அதன் அழகைச் சொல்லித் தந்தவள் குவோ என்ற இளம் பொறியாளர். மூன்று பக்கமும் உருண்டு, மேலே போகப் போகச் சிறுத்து, நடுநடுவே காற்று நுழைந்து போகத் திறப்புகள் வைத்த வடிவம்.

"இவ்வளவு உசரத்துல காத்தோட மல்லுக்கட்டக் கூடாது அக்கா. வழி விட்டா அது பாட்டுக்குப் போயிடும்" என்றாள் குவோ.

"எங்கிட்டயும் எல்லாரும் அப்படித்தான் நடந்துக்கறாங்க" என்றாள் யுன்ஷியா.

மாடி ஏற ஏற கிரேனும் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கீழே ஆறு ஒரு பட்டுத்துணி மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த அதே வாக்கி-டாக்கியில், "பெங் மாஸ்டர், என்னைக் கட்டிக்குவீங்களா?" என்று பாவ்லின் கேட்டுவிட்டார். அத்தனை மாடியிலும் சுத்தியல் சத்தம் நின்றது.

"கொக்கியில ரெண்டு தூண் தொங்குது, இப்பக் கேக்கற கேள்வியாய்யா இது?" என்றாள். தூண்களை இறக்கி வைத்த பிறகு, "உச்சியில கடைசி இரும்பை வெச்சதும் பாக்கலாம். நாட்டுலயே உசரமான இடத்துல ஏறி நின்னு சொல்றேன்" என்றாள்.

அந்தக் கடைசி இரும்பு வரவே இல்லை. தொண்ணூறு மாடியைத் தாண்டியிருந்தோம். விமானப் பாதைக்கு இடைஞ்சல், இதற்கு மேல் எழுப்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. பதாகையை இறக்கினார்கள். வேலை நின்றது. மேலே கம்பிகள் நீட்டியபடி, முடி வெட்டப் போனவன் பாதியில் எழுந்து வந்த மாதிரி நின்றது கோபுரம். ஆட்கள் ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள்.

தெற்கே இன்னொரு நகரத்தில் எழும்பிக்கொண்டிருந்த கோபுரத்துக்கு யுன்ஷியாவைக் கூப்பிட்டார்கள். இனி நாட்டிலேயே உயரமானது அதுதான். பாவ்லின் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை; ரயிலடிவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நின்றுபோன கிரேன்களுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்கும் சிலரில் ஒருவராக அவர் இங்கேயே தங்கினார். நானும் தங்கினேன்.

அவள் அடிக்கடி போனில் அழைப்பாள். "இங்க சைகை சொல்றவன் சேவல் கூவற மாதிரி கத்தறான் அக்கா" என்பாள். பாவ்லினோடு பேசினால் அவர் இங்கே அடிக்கும் காற்றைப் பற்றித்தான் சொல்வார்.

இரண்டு வருடம் கழித்துப் புதிய வரைபடம் வந்தது. உயரத்தை விட்டுவிட்டு, கட்டியதற்குப் பொருத்தமான ஓர் உச்சி மகுடத்தை குவோ வரைந்திருந்தாள். வெட்டுப்பட்ட அடையாளமே தெரியாமல் வளைந்து கூடும் மகுடம். "ராப்பகலா அழிச்சு அழிச்சு வரைஞ்சேன் அக்கா. ஏதோ தப்பு பண்ணினவனை மன்னிக்கற மாதிரி இருந்தது" என்றாள் என்னிடம்.

நான் யுன்ஷியாவுக்குச் சொன்னேன். அவளுடைய தெற்குக் கோபுரத்தில் உச்சி இரும்பு ஏற இன்னும் சில வாரங்களே பாக்கி. அதை வைக்கப்போகிற கிரேன் அவளுடையது. தொலைக்காட்சிக்காரர்கள் அவள் படத்தைக்கூட எடுத்துப் போயிருந்தார்களாம்.

அன்று சாயங்காலம் அவள் பாவ்லினை அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் வரட்டுமா?"

பாவ்லின், "இங்க மூணாவது கிரேனுக்கு ஆள் பாத்துட்டாங்க. ஆனா நான் வேற யாருக்கும் சைகை சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கய்யா!"

"அதான் சீக்கிரம் வாங்கன்னு சொல்றேன்."

அவள் வந்துவிட்டாள். தெற்கே அந்த இரும்பை வேறொருவன் வைத்தான்.

எங்கள் மகுடத்தின் கடைசித் துண்டு ஏறிய காலையில் ஆற்றிலிருந்து பனி எழுந்து கோபுரத்தை மூடிவிட்டது. காத்திருந்து, கொஞ்சம் விலகியதும் குவோ சம்மதித்தாள். அப்போதும் கூண்டிலிருந்து பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. "இடது. இன்னும் இடது. நிறுத்துங்க. இறக்குங்க. மெதுவா." அந்த ஒரு குரல்தான். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. போல்ட் முடுக்கும் சத்தம் கேட்டதும் குவோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கல்யாணச் செய்தி கேட்டு யுன்ஷியாவின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நாட்டுலயே உசரம்னு சொன்னியே, இதுவா?"

"இல்லப்பா. குறைச்சுட்டாங்க. இப்ப எத்தனையாவதுன்னுகூடத் தெரியாது."

அவர் தொப்பி பின்னால் விழுந்தது. அதை எடுத்துத் தட்டிக்கொண்டே, "இதுக்கு மேல இருந்தா என் கழுத்து தாங்காது" என்றார். பிறகு பாவ்லினை ஏற இறங்கப் பார்த்தார். "இவ திட்டுவாளே, எப்படிய்யா சமாளிக்கறே?"

"திட்டினாத்தான் மேல நல்லா இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் பாவ்லின்.

அதுவரை உர்ரென்று இருந்த கிழவர் சிரித்துவிட்டார்.

அந்த வாரமே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். காண்டீனில் தாமரைக்கிழங்கும் விலா எலும்பும் போட்ட சூப், பெரிய அண்டா நிறைய. பிறகு கிரேன்களைப் பிரிக்கும் வேலை. பெரியதைப் பிரிக்க அதைவிடச் சிறியது, அதைப் பிரிக்க இன்னும் சிறியது. மிச்சமான கடைசிக் குட்டிக் கிரேனைத் துண்டு துண்டாக என் லிஃப்டில்தான் இறக்கினோம். பாவ்லின் துண்டுகளை அடுக்க, அடுக்கியது கோணல் என்று யுன்ஷியா தரை வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் வேண்டுமென்றே லிஃப்டை மெதுவாக ஓட்டினேன்.