ஐந்து நிமிட வரலாறு

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் விழா என்றாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. அழைப்பிதழில் மூன்று மணி என்று போடுவார்கள். நாலரைக்குத்தான் சனம் வரும் என்பது போடுகிறவனுக்கும் தெரியும், போகிற எங்களுக்கும் தெரியும். ஒரு ஊரே சேர்ந்து வெட்கமில்லாமல் இந்தப் பொய்யைக் காப்பாற்றி வருகிறது. சீ!

ஆனாலும் போன வைகாசியில் ஒரு விழாவுக்குப் போனேன். முப்பது வருடமாக என்னோடு மேடையேறிய ஒரு நடிகைக்காகப் போனேன். நகரத்துக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறார். பங்குனியில் ஒருநாள் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, எனக்குக் கழுத்திலை ஒப்பரேசன். குரல் பழையபடி வருமோ தெரியாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுக்கு முதல் ஒருக்கா மேடையிலை நிண்டு கதைக்கவேணும்.”

கையில் பத்து நிமிட நாடகம் ஒன்று வைத்திருந்தார், தானே எழுதியது. கொட்டும் பனியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருத்தி, காலையில் முதலாளிக்குச் சொல்லாமல் விழுங்கிய மறுமொழிகளை எல்லாம் பஸ் தரிப்பிடத்தில் நின்று சொல்லித் தீர்ப்பாள். அவ்வளவுதான் கதை. ரூஜில் என் வீட்டு பேஸ்மென்டில் ஆறு கிழமை ஒத்திகை பார்த்தோம். எல்லா வசனத்தையும் குசுகுசுத்தே சொன்னார். “என்ன இது, பூனைக்கா நடிக்கிறீர்?” என்று சீண்டினேன்.

“முழுக்குரலை விழாவுக்கு மிச்சம் பிடிக்கிறன் அண்ணை. அண்டைக்குக் கேளுங்கோவன்.”

விழாவுக்கு இரண்டு நாள் இருக்க, அதை நடத்துகிற தம்பி என்னை அழைத்தான். “அங்கிள், நாடகத்துக்கு முதல் அஞ்சே அஞ்சு நிமிசம். ரொறன்ரோவிலை எங்கட ஆக்களின்ர பொழுதுபோக்கு வரலாறைச் சொல்லுங்கோ. ஆறு மணிக்கு மண்டபம் விடவேணும். ஏழுக்கு அங்கை ஒரு கலியாணம் இருக்கு.” ஓம் என்றேன்.

மூன்று மணி விழா நாலு இருபதுக்குத் தொடங்கியது. கனடா கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, இறந்தவர்களுக்கு அகவணக்கம். பிறகு விளக்கு. ஐந்து திரி கொளுத்தப் பன்னிரண்டு பேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். திரி முடிந்த பிறகும் ஆட்கள் மிச்சம் இருந்தார்கள். எரிகிற திரியிலேயே மெழுகுதிரியைப் பிடித்துப் படத்துக்குச் சிரித்தார்கள். அடுத்து காசு கொடுத்த அனுசரணையாளர்களுக்குப் பொன்னாடை. வீடு விற்கிறவர், மோட்கேஜ் பார்க்கிறவர், வக்கீல், பல் டொக்டர். வீடு விற்கிறவர் ஒலிவாங்கியைப் பறித்து, விட்பியில் இப்போது வீடு வாங்காவிட்டால் இனி எப்போதுமே வாங்க முடியாது என்று பேசினார். கலை விழாவில்! அதற்கும் கைதட்டினார்கள், கோதாரி பிடித்த சனம்.

பக்கத் திரைக்குப் பின்னால் நடிகை நாடக உடையில் நின்றார். தடித்த குளிர் ஜாக்கெட், பனிச் சப்பாத்து, கையுறை. வெக்கையில் கண் மை கரைந்து வழிந்தது. கழற்றி வையுமன் என்றேன். கூப்பிட்டால் உடனே போகவேணும் என்று, குரலைச் செலவழிக்காமல் கையால் காட்டினார்.

ஐந்து இருபத்தைந்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. சொல்லிவிட்டு இறங்குவோம் என்றுதான் போனேன்.

முதலில் வீடியோக் கடைகளைச் சொன்னேன். தியேட்டருக்குள் களவாக எடுத்த படக் கொப்பி, கதாநாயகி அழும்போது குறுக்கே ஒருவன் எழும்பிப் போவான் என்றேன். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் போதை ஏற்றிவிட்டது. ஞாயிறுகளில் பள்ளிக்கூட மண்டபம் வாடகைக்கு எடுத்து, பனிச் சப்பாத்தை வாசலில் குவித்துவிட்டு வெறுங்காலோடு ராசா வேடம் போட்டதைச் சொன்னேன். வெள்ளைக்காரன் தியேட்டரில் காலைக் காட்சிக்குச் சோற்றுப் பார்சலோடு போனது, சென்னையில் இருந்து நட்சத்திரங்கள் வந்து கையை ஆட்டிவிட்டுப் போனது, இன்றைக்குக் கலியாணத்துக்குக் கலியாணம் ஒரே பாட்டுக்கு ஒரே ஆட்டம் ஆடுவது. நடித்தவன், வெளிச்சம் போட்டவன், திரை இழுத்தவன் என்று ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். தம்பி ஒரு கடதாசித் துண்டு கொண்டுவந்து நீட்டினான். ‘நேரம்’ என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

இறங்கும்போது எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை. வீடு விற்கிறவர்தான் போர்த்தினார். குனிந்து கொடுத்தேன்.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறுக்கு இரண்டு நிமிடம். மண்டப மானேஜர் பெரிய விளக்குகளைப் போட்டுவிட்டார். வேலையாட்கள் வட்ட மேசைகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பத்தே நிமிடம் என்று கெஞ்சினேன். அவர் ஏழு மணி என்று விரலால் காட்டினார். அவர் மேல் பிழையில்லை.

மேடையேறாமலே போன நடிகையை ஸ்ரௌவ்வில்லுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஜாக்கெட்டை மடியில் வைத்திருந்தார். பாதி வழியில் சொன்னார்.

“நல்லாய்ப் பேசினியள் அண்ணை. எல்லாற்றை கதையும் வந்துது. என்ரை மட்டும் வரேல்லை.”

“நீர் அடுத்ததாய் மேடைக்கு வாறீர்தானே எண்டு விட்டிட்டன்.”

“ஓம்.”

கொஞ்சத் தூரம் போனபின், இங்கேயே அந்த வசனத்தை ஒருக்காச் சொல்லுமன், நான் கேட்கிறன் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

“காருக்குள்ளையோ? உது மேடைக்கெண்டு வைச்சிருந்தது அண்ணை” என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனியில் ஒப்பரேசன் நடந்தது. இப்போது நான் அழைத்தால் மகள்தான் எடுக்கிறாள். “அம்மா பக்கத்திலை இருக்கிறா அங்கிள், நீங்கள் கதையுங்கோ, அவ கேப்பா” என்கிறாள். நான் கதைக்கிறேன்.