பவுடர் தூவிய தரை

மகளின் கழுத்துக்குப் பவுடர் போடும்போதெல்லாம், இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் முன்பு இருந்த, சிட்னி புறநகரான பென்டில் ஹில் மண்டபத்தின் மரத்தரைதான் எனக்கு மணக்கிறது. அதைத் துப்புரவு செய்தவர் என் அம்மா. சனிக்கிழமை மாலைகளில் அங்கே ஆடியவர் டோரத்தி அன்ரி. பதினேழு வயதில் சிட்னி நடன அரங்குகளில் ஸ்விங் நடனம் ஆடத் தொடங்கி, ஜாஸ் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றி, எழுபது தாண்டியும் பம்பரமாய்ச் சுழன்றவர். ஆடும்போது காலில் போட்ட சப்பாத்து வழுக்க வேண்டுமென்று மத்தியானமே வந்து தரையில் பவுடர் தூவிவிட்டுப் போவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாரோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து அம்மா அதை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டார். மாலையில் முதல் சுழற்சியிலேயே அன்ரியின் சப்பாத்தைத் தரை பிடித்துக்கொண்டது, வாத்தியங்கள் நின்றன.

"நான்தான் துடைச்சனான்," என்று கதவோரம் நின்ற அம்மா முணுமுணுத்தார்.

அன்ரி சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வழுக்கும் காலுறையோடு முழுப் பாட்டையும் ஆடி முடித்தார்.

அதன்பிறகு பவுடர் தூவியது அம்மாதான். அன்ரி காலமாகிப் பல வருடம் கழித்து, மண்டபத்தை இடிப்பதற்கு முதல் நாளும் தூவினார்.

"நாளைக்கு உடைக்கப் போற தரைக்கு ஏனம்மா?" என்றேன்.

"அவ ஆடின தரை. ஆயத்தமா இருக்கட்டும்," என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்.