முத்திரை இல்லாமல் பறந்த சிவகாமசுந்தரி

சிவகாமசுந்தரி ஒரு காலத்தில் யாங்கோன் லத்தா கடைத்தெருவின் மிளகாய் மொத்த வியாபாரி ஒருவருக்குப் பதினெட்டு லட்சம் கியாட் கடன்பட்டிருந்தாள். கடனை வாங்கியது அவள் புருஷன். வட்டியையும் முதலையும் அவள் தலையில் கட்டிவிட்டு அவன் போய்ச் சேர்ந்தான். அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், இனி என்ன செய்வாள் என்று பபேடான் தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் என்ன செய்தாள்? லண்டனுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தோடு சமையல்காரியாக விமானம் ஏறினாள். மூன்றே வருடத்தில் கடன் தீர்ந்தது. இப்படி ஒரு பெண்பிள்ளையை இந்தத் தெரு அதற்கு முன் பெற்றதில்லை. இனிப் பெறுமா என்பதும் சந்தேகம்தான்.

பிறகு ஈஸ்ட் ஹாமில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சேர்ந்தாள். அந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தது. முதலில் அதற்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. அப்புறம் அட்டை கிடையாது, முத்திரை கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வக்கீலுக்குக் காசு கொட்டினார்கள். சிவகாமி நூலகத்துக்குப் போனாள், அங்கிருந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்டாள், அரசாங்க வெப்சைட்டில் தன் விசாக் கணக்கைத் தன் கையாலேயே திறந்தாள்.

இந்த வருடம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க யாங்கோன் வந்தாள். புது பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே, கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து, தங்கை வீட்டு பால்கனியில் உட்கார்ந்து அதன் எண்ணைக் கணக்கில் ஏற்றினாள். ஏற்றாமல் முடியுமா? திங்கட்கிழமை காலை அந்தச் சமையலறைக்கே அவள் தலைவியாகப் பொறுப்பேற்க வேண்டும். அன்று வந்து நிற்காவிட்டால் வேலை அடுத்தவளுக்கு என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பும்போது கையில் இருப்பதையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். கைக்கடிகாரம், செருப்பு, கம்பளிச் சட்டை எதுவும் மிஞ்சாது. சிவகாமி மட்டும் குறை வைப்பாளா? கிளம்புவதற்கு முந்தின மாலை, தங்கை ஜெயகுமாரியின் புருஷன் தேவராஜுக்குத் தன் லண்டன் போனையே தூக்கிக் கொடுத்தாள். சிம்மைக் கழற்றக்கூட நினைக்கவில்லை. வழிக்கு ஜெயகுமாரியின் பழைய போன் போதும் என்றாள்.

தேவராஜ் எதற்கும் பந்தயம் கட்டுகிற ஆள். மழைக்கும் கட்டுவான், பஸ்ஸுக்கும் கட்டுவான். போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்ட கையோடு அவளுடைய புது பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, எல்லாப் பக்கமும் வெள்ளையா இருக்கு? விசா எங்கே?"

"அது ஆகாசத்துல இருக்கு, மாப்ளே."

"ஆகாசத்துலயா! ஏர்போர்ட்டுல சிரிப்பாங்க. நாளைக்கு ராத்திரி நீங்க இங்கேதான் சோறு திங்கப் போறீங்க. கட்டுங்க பந்தயம், ஒரு லட்சம் கியாட்."

"கட்டியாச்சு. காசைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு வாங்க."

மறுநாள் வழியனுப்ப வந்தவர்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சிவகாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியைத் தள்ளிப்போய், விமானக் கம்பெனி மேசையில் நின்றாள். அங்கிருந்த பெண் ஷிரின், பபேடான் பள்ளிவாசல் தெருக்காரி. பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஆன்ட்டி, மெஷின் சரின்னு சொல்ல மாட்டேங்குது. ஸ்டிக்கர் இருக்கா?"

"ஸ்டிக்கர் காலமெல்லாம் போச்சும்மா. நான் ஏத்தின புது நம்பர் உங்க மெஷினுக்கு இன்னும் வரலை போல. உனக்கு ஷேர் கோட்னு ஒரு நம்பர் தர்றேன், நீயே லண்டன் அரசாங்கத்து வெப்சைட்டுல போட்டுப் பாரு. அதை அவங்களால மறுக்க முடியாது."

"அப்ப குடுங்க. சீக்கிரம், ஆன்ட்டி. இன்னும் கொஞ்ச நேரத்துல மேசையை மூடிடுவேன்."

சிவகாமி தங்கையின் பழைய போனில் தன் கணக்கைத் திறக்கப் பார்த்தாள். அது ஒரு ரகசிய எண் கேட்டது. அந்த எண் அவளுடைய லண்டன் நம்பருக்குத்தான் போகும். லண்டன் நம்பர் தேவராஜின் சட்டைப்பையில் இருந்தது.

ஆனாலும் அவள் ஓடவில்லை. பெட்டியை ஷிரினிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தாள், கொஞ்சம் வேகமாக. கண்ணாடிக் கதவைத் தட்டியதும் காவலாளி ஒரு சாண் திறந்தான்.

"பார்த்தியா, ஜெயா! திரும்பிட்டாங்க!" தேவராஜுக்கு வாயெல்லாம் பல்.

"மாப்ளே, அந்தப் போனை எடுங்க. ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க."

அவன் எடுத்துப் பார்த்தான். வந்துதான் இருந்தது. பார்க்கப் பார்க்க அவன் முகம் சுருங்கியது.

"அக்கா, இதைப் படிச்சா என் ஒரு லட்சம் போயிடுமே."

"படிக்காட்டி எனக்கு வேலை போயிடும்."

ஜெயகுமாரி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "படிக்காட்டி நீங்க வீட்டுக்கு வரவேணாம். அந்தப் போனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே படுங்க."

காவலாளியே சிரித்துவிட்டான். தேவராஜ் எண்ணை ஒவ்வொன்றாக, பல் பிடுங்குகிறவனிடம் வாயைத் திறப்பதுபோல, படித்துக் கொடுத்தான். சிவகாமி அங்கேயே நின்று தட்டினாள். கணக்கு திறந்தது, ஷேர் கோட் வந்தது. மேசைக்குத் திரும்பி அதையும் தன் பிறந்த தேதியையும் உரக்கச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

ஷிரினின் திரையில் சிவகாமியின் படம் வந்தது. பொட்டும் மூக்குத்தியுமாக, கண்ணை உருட்டிக்கொண்டு. அதன் கீழே, தங்குவதற்குக் கால வரம்பு இல்லை என்று எழுதியிருந்தது.

"யா தே, சரியாயிடுச்சு, ஆன்ட்டி! போகலாம்!" ஷிரினுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. "இப்படி வர்றவங்க பாதிப் பேரு அழுவாங்க. நீங்க எனக்கே பாடம் எடுக்கறீங்க."

"அழறதுக்கு எனக்கு எங்கேம்மா நேரம்? திங்கக்கிழமை அறுபது பேருக்கு நான் சோறு போடணும்."

பெட்டி உருண்டு உள்ளே போனது. போர்டிங் அட்டையை வாங்கியவள் நேராக உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. மறுபடி கண்ணாடிக் கதவுக்கு வந்து, அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். ஜெயகுமாரி கைதட்டினாள். அவளைப் பார்த்து, வழியனுப்ப வந்த யார் யாரோகூடக் கைதட்டினார்கள். காவலாளி கேட்காமலே கதவைத் திறந்தான்.

சிவகாமி கையை நீட்டினாள்.

"அக்கா, கியாட்டு அங்கே செல்லாதே," என்றான் தேவராஜ்.

"கடையில செல்லாட்டிப் போகுது. எனக்குச் செல்லும். எடுங்க."

அவன் ஒரு கட்டாக மடித்து நீட்டினான்.

"எண்ணிக் கொடுங்க, மாப்ளே. சத்தமா."

தேவராஜ் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டான். ஐயாயிரம், பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று, ஒரு லட்சம் நிறைகிற வரைக்கும், விரித்து வைத்த அவள் உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தான்.