சும்மா இருக்க வேண்டிய கை

கூட வேலை செய்கிற பெயின்டர்கள் அவரைத் 'துறுதுறு' என்றுதான் கூப்பிடுவார்கள். டீ குடிக்கிற நேரத்தில்கூட ஏதாவது ஒரு கதவை உரசிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதரின் வலது கையைத் தூளியில் போட்டுக் கழுத்தில் மாட்டி, அசைக்கக் கூடாது என்று சொன்னால் என்ன ஆகும்? வீடு ரெண்டுபட்டது.

வருஷக்கணக்காக அண்ணாந்து சீலிங்குக்கு ரோலர் போட்டதில் தோளுக்குள் ஒரு தசைநார் எலும்பை விட்டுக் கிழிந்துவிட்டது. டாக்டர் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வைத்து விளக்கினார். தோள்மேல் தொப்பி மாதிரி கவிந்திருக்கிறதே, அந்தப் பெரிய தசைதான் எல்லாம் செய்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் கையைத் தூக்கத் தொடங்கி வைப்பது அதற்கடியில் ஒளிந்திருக்கும் சின்னது. தோள்பட்டை எலும்பின் மேலிருந்து கிளம்பி, ஒரு எலும்பு வளைவுக்கு அடியில் நுழைந்து, கையெலும்பின் உச்சியைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியைத்தான் தைத்திருந்தார்கள்.

"அது ஒட்டுற வரைக்கும் நீங்களா கையத் தூக்கிடாதீங்க. தையல் பிச்சிக்கிச்சுன்னா மறுபடி தைக்க அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது," என்றார் டாக்டர்.

சீலிங் வேலை போனால் அவருக்கு வேறு என்ன தெரியும்? ஆனாலும் சும்மா கிடக்க முடிய வேண்டுமே! வியர்க்கிறது என்று தூளியின் பட்டையைத் தளர்த்தினார். எழுந்தார், நடந்தார், மறுபடி படுத்தார். மல்லாந்தால் கண்ணுக்கு நேரே சொந்த வீட்டுச் சீலிங். ஊர் வீட்டுக்கெல்லாம் அடித்தவர் தலைக்கு மேலே தண்ணீர்க் கறை.

"அதப் பாத்தாலே உடம்பெல்லாம் எரியுது," என்று காலையிலிருந்து ஒரே புலம்பல். மனைவிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"ஐயோ, நானே அடிச்சுத் தொலைக்கிறேன்! அதுக்கப்புறமாவது வாய மூடுவீங்களா?" என்று ரோலரோடு ஏணியில் ஏறிவிட்டாள்.

பாதிக் கறையை மூடிவிட்டாள். மீதி எட்டவில்லை. எட்டாவிட்டால் இறங்கி, ஏணியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். வேலைக்கு வருகிற புது ஆட்களிடம் அவர் தொண்டை கிழியக் கத்துவதே இதைத்தான். ஆனால் அதற்குள் பெயின்ட் காய்ந்தால் ஒட்டுப் போட்ட இடம் கோடு கோடாகத் தெரியுமே!

"இறங்காத, காஞ்சிடும்! எட்டிப் போடு... இன்னும் கொஞ்சம்... அந்த ஓரம்..."

ஏணி சரிந்தது.

தூளி எப்போது கழன்றது, கை எப்போது மேலே போனது, அவருக்கே தெரியாது. மனைவியின் முதுகை இரண்டு கைகளும் தாங்கியிருந்தன. தோளுக்குள் ஏதோ பிய்ந்தது.

தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவள், அடி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் சிரித்தாள். "அடேயப்பா! கை சரியாயிடுச்சுங்க! எப்படித் தூக்கினீங்க! எங்க, இன்னொரு தடவ தூக்குங்க பாப்போம்!"

அவர் தூக்கிப் பார்த்தார். தோள் மட்டும் காதுவரை ஏறியது. கை அப்படியே தொங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி மனுஷா! நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். நீங்க எதுக்குக் கைய நீட்டினீங்க?"

"என்னைக் கேட்டுக்கிட்டா நீட்டுச்சு?" என்றார் அவர்.