ஆர்டிஸ் அலசிய ஸ்பாஞ்சு

2011 நவம்பர் 12, சனிக்கிழமை. காற்றில்லை, ஏரியின்மேல் அவ்வாண்டின் முதற்பனி ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் ஏரிக்கரை நகரான டுலூத்தில் எங்கள் பள்ளியை முப்பத்தோராண்டுகள் துடைத்துத் துப்புரவாக வைத்திருந்தவர் ஆர்டிஸ் ஹோவ்லண்ட். பணி ஓய்வுக்குப்பின் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: மீன் வளர்ப்போர் சங்கத்து ரோலண்டின் ஐந்து குட்டிக் கெளுத்திகள். ரோலண்ட் டிசம்பர் பத்தாம் நாள் அரிசோனாவிலுள்ள மகள் வீட்டுக்குக் குடிபெயரவிருந்தார். அதற்குள் ஆர்டிஸின் புதுத்தொட்டி நீர் பக்குவப்பட்டால் மீன்கள் அவருக்கு. இல்லையேல் சங்கத்தின் ஏலத்துக்கு.

அன்று ரோலண்ட் தம் தொட்டியின் வடிகட்டியிலிருந்து பழுப்பேறிய ஸ்பாஞ்சு ஒன்றை ஈரம் காயாமல் பையிலிட்டுக் கொண்டுவந்தார். புதுத்தொட்டி வைப்பவருக்கு அதைக் கொடுப்பது சங்கத்தார் வழக்கம். மீன் கழிவில் எழும் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த அழுக்கில்தான் குடியிருக்கும்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு சொட்டு அம்மோனியா விடு. மீன் வர்ற வரைக்கும் அதுங்களுக்கு அதுதான் சாப்பாடு."

"முப்பது வருஷமா அம்மோனியாவை வச்சு ஜன்னல் தொடைச்சிருக்கேன், ரோலண்ட். விருந்து வைக்கிறது இதுதான் முதல் தடவை!"

அவர் போனபின் ஆர்டிஸ் அந்த ஸ்பாஞ்சைப் பார்த்தார். கை சும்மா இருக்கவில்லை. சுடுநீர்க் குழாயடியில் அது வெளுக்கும்வரை அலசிய பிறகே வடிகட்டியில் வைத்தார்.

மாலைதோறும் மீனில்லாத தொட்டிமுன் அமர்வார். விளக்கொளியில் செடிகள் அசையும். கண்ணாடிக்குள்ளும் பனி பெய்வதுபோலத் தோன்றும். பள்ளியின் நீண்ட நடைகூடம் நீருக்கடியில் கிடப்பதாகவும், அதில் எவருடைய காலடித் தடமும் இல்லையென்றும் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஆனால் அம்மோனியா அளவைக் காட்டும் சோதனைக் குப்பியில் நீர் மஞ்சளாக வேண்டியது, நாளுக்குநாள் பச்சையாகிக்கொண்டே போனது. பச்சை என்றால் நஞ்சு. ஒரு வாரம் கழித்து வந்த ரோலண்ட் வடிகட்டியைத் திறந்தார்.

"என்ன ஆர்டிஸ் இது? என் கல்யாணச் சட்டைகூட இவ்வளவு வெள்ளையா இருந்ததில்ல!"

"லேசா அலசினேன்..."

"லேசாவா? குடியிருந்த அத்தனை பேரையும் காலி பண்ணிட்ட. இன்னொண்ணு தர்றேன். மூணே வாரம்தான் இருக்கு. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

மறுநாள் ஆர்டிஸ் தம் வீட்டிலிருந்த துடைதுணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி என்னிடம் ஒப்படைத்தார். தொட்டிக் கண்ணாடியில் பழுப்புப் படலம் படர்ந்தது. அவர் விரல்கள் மடியிலேயே பின்னிக் கிடந்தன. பச்சை மெல்ல வெளிறியது.

டிசம்பர் பத்தாம் நாள் காலை, வாளியில் மீன்களோடு வந்த ரோலண்ட் தாமே நீரைச் சோதித்தார். துல்லியமான மஞ்சள். தொட்டியின் பாதி நீரை மாற்றிவிட்டு மீன்களை ஒவ்வொன்றாக விட்டார். ஐந்தும் மீசையால் மணலைத் தடவிப் பார்த்தன.

"உன்னால முடியாதுன்னு ஏலத்துல இதுங்க பேரைக்கூடக் குடுத்து வச்சிருந்தேன். மூணு வாரமா என்னதான் பண்ணின?"

ஆர்டிஸ் கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:

"சும்மா இருந்தேன்."