கை நனைக்காத விருந்து

என் மகள் விரும்பிய பையனின் பெற்றோர் டிரினிடாட் தீவிலிருந்து வந்தவர்கள். ஆக்லாந்துக்கு மேற்கே, மலை ஏறும் சாலையில் ஒரு பழைய பண்ணையை வாங்கி, கரீபியன் தீவுகளின் கரும்பு எஸ்டேட் போலவே ஆக்கியிருந்தார்கள். வார இறுதிகளில் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். கம்பியில் தொங்கிப் பள்ளத்தைக் கடக்கலாம், ஒரு கொட்டகையில் கரும்புத் தோட்டத்து வரலாற்றைப் பார்க்கலாம், தீவுச் சாப்பாடு சாப்பிடலாம். ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எங்களை அழைத்திருந்தார்கள். எனக்குச் சாப்பாடு என்பதைத் தவிர மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

நியூ லின்னில் எங்கள் வீட்டிலிருந்து காரை எடுக்கும்போதே மனைவி சட்டம் போட்டுவிட்டாள்.

"என்னங்க, அங்க ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

எங்கள் கரூர்ப் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதித்தாயிற்று என்று பொருள். பிறகு பேச்சு மாற முடியாது.

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?" என்றேன்.

"நமக்குத் தெரியும்ல? அவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. ஆனா நாளைக்கு எம்பொண்ணு அந்த வீட்ல ஒண்ணு வேணாம்னு சொன்னா, அதக் கேப்பாங்களா? அது தெரியாம நான் கை நனைக்க மாட்டேன்."

மகள் காலையிலேயே அங்கே போயிருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவள். இந்த வழக்கம் அவள் காதில் விழுந்ததே இல்லை.

பையனின் அம்மா வாசலிலேயே என் மனைவியைக் கட்டிக்கொண்டார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. கையில் சிவப்பாக ஒரு பானம், ஏலக்காய் மணத்தோடு. மனைவி கும்பிட்டு, வேண்டாம் என்றாள். நானும் கும்பிட்டேன். என் கும்பிடில் அவ்வளவு உறுதி இல்லை.

பையனின் அப்பா எங்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சுவரில் கரும்பு வெட்டும் நீளமான கத்திகள், சாறு காய்ச்சும் பெரிய கொப்பரையின் படம், வரிசையாக நிற்கும் மெலிந்த மனிதர்களின் படம். அவருடைய முன்னோர் ஒருவர் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவராம். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியவில்லை. டிரினிடாடில் ஒரு கரும்பு எஸ்டேட்டில் அவர் கூலி. அதே எஸ்டேட்டின் பெயரைத்தான் இந்தப் பண்ணைக்கு வைத்திருந்தார்கள்.

"அங்கே எங்களுக்கு ஒரு கரும்பு கூடச் சொந்தமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னவர், வெளியே கூட்டிப்போய் நான்கைந்து ஒல்லிக் கரும்புகளைக் காட்டினார். "இதோ, இதெல்லாம் என்னுடையது!"

ஆக்லாந்துக் குளிரில் அவை என் சுண்டுவிரல் தடிமனைத் தாண்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதரின் பெருமையைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வயிறுதான் நிறையவில்லை.

பிறகு மேசைக்குக் கூப்பிட்டார்கள். பருப்பை உள்ளே வைத்துத் தட்டிய மெல்லிய ரொட்டி, கொண்டைக்கடலைக் குழம்பு, பூசணி மசியல், தேங்காய்ப்பாலில் வெந்த கீரை. நாங்கள் சாப்பிடாததை மகளிடம் கேட்டு, மாட்டையும் பன்றியையும் அடுப்பருகே கூட விடவில்லையாம். வறுத்த சீரக வாசனை என்னை நாற்காலியில் உட்காரவே வைத்துவிட்டது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். எழுந்துவிட்டேன்.

"இன்று எங்களுக்கு விரதம்" என்றாள் மனைவி.

அந்த அம்மா உடனே ஒரு தட்டு நிறையப் பழம் கொண்டுவந்தார். அவர் வீட்டிலும் விரதம் இருப்பார்களாம், பழம் சாப்பிடலாமாம். மனைவி பழமும் கூடாது என்றாள். தேங்காய்த் தண்ணீர் வந்தது. அதுவும் கூடாது என்றாள். இப்படியே போனால் அடுத்து என்ன வருமோ என்று பயந்து, அவள் சட்டென்று வெளியே கை காட்டினாள்.

"அந்தக் கம்பியில் நான் போக வேண்டும்."

வீட்டில் பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க ஸ்டூலில் ஏறவே யோசிப்பவள். நல்ல வேளையாகச் சுடிதார் போட்டிருந்தாள். இடுப்பிலும் தொடையிலும் வார்களைப் பூட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி, பையன் மெல்லத் தள்ளிவிட்டான். குலதெய்வத்தின் பெயர் பள்ளம் முழுக்க எதிரொலித்தது. பாதி வழியில் அந்த அலறல் சிரிப்பாக மாறியதை எல்லோரும் கேட்டோம். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் கேட்டதில்லை, பொறாமையாகக்கூட இருந்தது.

திரும்பி நடந்து வந்தவள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். மனைவி உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, தம்ளரைத் தொடாமலே தலையை அசைத்தாள். வேண்டாம்.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, ஜஸ்ட் வாட்டர்! இவங்க காலைலேர்ந்து குக் பண்ணியிருக்காங்க. உனக்கு இவங்களப் பிடிக்கலேன்னா சொல்லிடு. ஏன் இப்படி இன்சல்ட் பண்றே?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் மனைவி உடைந்துபோனாள். தனக்கு வந்த ஆங்கிலத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னாள். விரதம் என்றது பொய். எங்கள் வழக்கம் இது. சாப்பிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

பையன்தான் முதலில் சிரித்தான். "அவ்வளவுதானா ஆன்ட்டி? நாங்கள் அப்படியெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டோம். சும்மா சாப்பிடுங்கள்."

அவன் அம்மா அவன் பக்கம் திரும்பினார். அந்தப் பெரிய சிரிப்பு முகத்தில் இல்லை.

"அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீ அதை எப்படி எடுத்துக்கொள்கிறாய் என்று உன்னை யார் கேட்டது?"

பிறகு மேசைக்குப் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடினார். "நீங்கள் முடிவு செய்யும்வரை இந்த மேசையில் யாரும் சாப்பிடப் போவதில்லை. அவசரமே இல்லை. ஒரு வருஷமானாலும் சரி" என்றார். அவர் கணவர் மூடிய ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். என் இனம் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மனைவி கொஞ்ச நேரம் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்குள் நடந்தாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். சுடிதாரின் கையைச் சுருட்டிவிட்டு, வலது கையைத் தண்ணீரில் நீட்டியபடி நின்றாள்.

சற்று முன்தான் அந்த வழக்கத்தை அறிந்துகொண்ட மகள் "அம்மா..." என்றாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்றாள் மனைவி, ஈரக் கையை உதறிக்கொண்டே. "உன் மாமியார உக்காரச் சொல்லு. பாவம், காலைலேர்ந்து பசியோட நிக்கிறாங்க."