தட்டில் வந்த கடலை

என் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். சாப்பாட்டு மேசையில் நிலக்கடலை, ஜன்னல் விளிம்பில் நிலக்கடலை, என் தலையணைக்கு அடியில்கூடக் கடலைத் தோல். கடலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. விடிந்தும் விடியாமலும் வயலில் குனிந்து, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவிவிட்டு வருவாள்.

காய் பெரிதாக இருந்தால் போதாதா என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சோறு ஆறிப்போனது. மேலோட்டைப் பெரிதாக்கும் மரபணு வேறாம், பருப்பைப் பெரிதாக்குவது வேறாம். ஓடு மட்டும் பெருத்தால் உலுக்கும்போது உள்ளே கடகடவென்று ஆடும், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது அடக்கமான ஓடு, உள்ளே பிதுங்குகிற பருப்பு. இதற்காக வருஷக்கணக்காகக் கூத்து. கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "அறுவடை முடியட்டும்டி" என்பாள். எந்த அறுவடை என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

இந்த முறை கிடைத்தே விட்டது. இலையைக் கிள்ளிச் சோதித்ததில், ஒரே ஒரு செடியில் அவள் கேட்ட மரபணுச் சேர்க்கை அமைந்திருந்தது. சிவப்பு அட்டை கட்டி, காய் முற்றட்டும் என்று விட்டிருந்தாள். அந்தக் காய்தான் அடுத்த விதை. வேறு விதை கிடையாது.

அந்த நேரம் பார்த்து வெளியூர் விருந்தாளிகள் வந்தார்கள். நிலையத்தின் தலைவரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். அவர், விருந்தாளிகளை அழைத்துவர அக்காவையே ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அவள் போன கையோடு ஆட்களை விட்டு அவள் பாத்தியைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறார். பெரிய பெரிய காயாகப் பொறுக்கி, கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்தாயிற்று. மீதி அடுப்புக்குப் போனது. மனுஷனா இவர்!

இது எதுவும் அக்காவுக்குத் தெரியாது. திரும்பி வந்தவளிடம் வேகவைத்த கடலைத் தட்டைக் கொடுத்து, எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார்கள். கடையில் வாங்கியது என்று நினைத்து, இவளும் சிரித்த முகமாகக் கொடுத்திருக்கிறாள். ஒரு விருந்தாளி காயை உரித்துப் பார்த்து, "காய் சின்னதுதான், ஆனா உள்ள இடமே இல்லாம பருப்பு நெறஞ்சு கெடக்கு" என்றாராம். அக்கா தட்டைப் பார்த்தாள். பிறகு வயலுக்கு ஓடினாள். பிடுங்கிப் போட்ட கொடிக் குவியலில் சிவப்பு அட்டை கிடந்தது.

பெரிய சார் கொஞ்சமும் அசரவில்லை. "அடுத்த தடவை கூடக் கொஞ்சம் போடும்மா" என்றாராம். எதை வைத்துப் போடுவது?

நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாலு வார்த்தை நீயும் கேட்டிருக்கக் கூடாதா என்று அவள்மேலும் பாய்ந்தேன். அவள் உள்ளங்கையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தட்டு நீட்டும்போது நானும் ஒண்ணு தின்னேன்டி. நல்லாத்தான் இருந்துச்சு."